எர்லெடிக்ட் அண்ணையின் முடிந்த வேலைகள்

ஜெர்மனியில் வேலையை முடிப்பவர்கள் ஏராளம். முடித்த வேலையைக் கைவிடாமல் கட்டிக் காத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். எசன் நகரில் எங்கள் கம்பெனியின் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த எர்லெடிக்ட் அண்ணை.

யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தப் பெயர் நீளமானது. ஜெர்மன்காரர்கள் பாதியிலேயே மூச்சு வாங்குவார்கள். 'எர்லெடிக்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் 'முடிந்தது'. மின்னஞ்சல் மென்பொருளில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைக்க ஒரு பட்டியல் உண்டல்லவா? அதில் முடிந்த வேலைக்கு டிக் போட்டால் அதன்மேல் ஒரு கோடு விழும். ஒவ்வொரு கோடு விழும்போதும் அண்ணை நாற்காலியில் நிமிர்ந்து, "எர்லெடிக்ட்!" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

எழுதுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஹம்பேர்க்குக்குச் சரக்கு அனுப்பியதும் அந்தப் பட்டியலில் இருக்கும், பென்சில் சீவியதும் இருக்கும். எழுதாத வேலை எதையாவது செய்துவிட்டால், உட்கார்ந்து அதை எழுதி, டிக் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஒருநாள் மேலாளர் அம்மாள் போனில் ஒரு வாடிக்கையாளரிடம், "உங்கள் சரக்கு..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணை பின்னாலிருந்து "எர்லெடிக்ட்!" என்று முழங்கினார். அம்மாள் முகம் மலர்ந்து, "போய்விட்டதாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அண்ணை முடித்திருந்தது ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை! சாயங்காலத்துக்குள் அந்தச் சரக்கை நிஜமாகவே அனுப்ப மனிதர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, லாரிக்காரரே மிரண்டுபோனார். திரும்பி வந்து, 'ஓடினது' என்று அதையும் எழுதி டிக் போட்டார்.

நான் திருச்சியிலிருந்து போய் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அண்ணையின் அஞ்சல்பெட்டி எனக்குப் பெரிய தலைவலி. காலையில் அதைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போவார். குடித்து, கோப்பையைக் கழுவி வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். புது சர்வருக்கு மாறப்போகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருடைய பெட்டியையும் இளைக்க வை என்று எனக்கு உத்தரவு வந்தது.

"அண்ணே, முடிஞ்ச வேலையெல்லாம் டெலீட் பண்ணிடலாமா?"

"ஏலாது தம்பி."

"முடிஞ்சதை வச்சுக்கிட்டு என்னண்ணே பண்ணப் போறீங்க?"

"கிடக்கட்டுமன். அதுகள் உம்மட்டைச் சோறோ கேக்குதுகள்?"

நானும் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் இடத்தில் உட்கார்ந்தேன். முடிந்த வேலைகளை மட்டும் பிரித்தேன், மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன், ஒரே தட்டு. குப்பைக்கூடையையும் காலி செய்தேன். பெட்டி பறந்து திறந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணை வந்தார். திரையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சாந்தியையும் அழிச்சுப் போட்டீரோ?" என்றார் மெதுவாக.

சாந்தி அவருடைய மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷம். அண்ணை எசனில், அக்கா யாழ்ப்பாணத்தில்; விசா வந்தபாடில்லை.

"'சாந்தியை ஃபிராங்ஃபேர்ட் எயார்போர்ட்டிலையிருந்து கூட்டிவாறது' எண்டு எழுதி வைச்சனான், தம்பி. திகதி தாண்டினா இந்தக் கோதாரி சிவப்பா மாறுமெல்லோ? மூண்டு தரம் திகதி மாத்தினன். மூண்டு தரமும் சிவப்பு. அவவின்ரை பேரைச் சிவப்பிலை பாக்க ஏலாமக் கிடந்தது. அதுதான் முடிஞ்சுது எண்டு சரி போட்டு விட்டனான்."

"அப்ப அந்தப் பென்சிலு, செடி எல்லாம்?"

"ஒரு பொய் தனிய நிண்டா வடிவாத் தெரியும், தம்பி. சுத்திவர ஆயிரம் உண்மை நிண்டா ஆருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

அதோடு போயிற்றா? விசாவுக்காக எந்தத் தேதியில் எந்தக் கடிதம் கொடுத்தார், யார் வாங்கிக்கொண்டார்கள் என்ற குறிப்பு முழுவதையும் அவர் அந்த வேலைக்குள்தான் எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு. அத்தனையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். கோட்டை விட்டால் அடுத்த டெர்மினுக்கு எத்தனை மாதமோ, அதுவரை அக்கா அங்கேதான்.

முந்தின நாள் எடுத்த நகல் சர்வர் அறையில் இருக்கும். ஓடினேன். வெள்ளிக்கிழமை மதியம் தாண்டி ஜெர்மன்காரரை ஆபீசில் பிடிப்பது லேசா? சர்வர்காரர் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டார். "அன்ட்ராக் எழுதித் தா" என்றார். அந்த ஊரில் தும்முவதற்கும் விண்ணப்பம் வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில், இருந்த பதற்றத்தில், எனக்குத் தெரிந்த ஓட்டை ஜெர்மனில், 'சக ஊழியரின் மனைவியை அழித்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நகலிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை. பெட்டி முழுக்கத்தான் திரும்பும். பென்சில் வந்தது, செடி வந்தது, 'ஓடினது' வந்தது. கடைசியாகச் சாந்தி அக்காவும் வந்தார். குறிப்பு மட்டும் பதினொரு பக்கம். அச்சடித்துக் கொடுத்தேன். அண்ணை அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக நடந்தது. மரங்களில் இலை உதிரத் தொடங்கிய நேரத்தில் சாந்தி அக்கா ஃபிராங்ஃபேர்ட்டில் வந்து இறங்கினார். காரை ஓட்டியவன் நான்தான்.

அடுத்த வேலைநாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இப்ப அழியும்."

"எதைண்ணே?"

"எல்லாத்தையும்தான். அவ வந்திட்டாவெல்லே, இனி என்னத்துக்கு?"

அழித்தேன். வெறும் பட்டியலில் அண்ணை புதிதாக ஒரே ஒரு வேலையை எழுதினார்: 'தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு குடுக்கிறது.'

போனேன். அக்கா வைத்த நண்டுக்கறியில் என் கண்ணும் மூக்கும் போட்டி போட்டு ஒழுகின. திங்கட்கிழமை எட்டிப் பார்த்தால், அந்த வேலை அப்படியே சிவப்பாக நிற்கிறது.

"என்னண்ணே, டிக் போடலியா?"

"சரி போட்டா முடிஞ்செல்லோ போயிடும்" என்றார்.

எசனில் இருந்த வருஷங்கள் முழுக்க ஞாயிறுதோறும் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிவப்பைக் கண்டால் தாங்காத அந்த மனிதர், என்னை மட்டும் கடைசிவரை சிவப்பிலேயே வைத்திருந்தார்.