கமாண்ட்.காமை அழித்த மாப்பிள்ளை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் நம்பிய கடைசி நாள், பெண் பார்க்கப் போன நாள்.

பெண் கல்பனா. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் அவள் அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை, மாடியில் வீடு. நான் போனது நாலு வருஷத்துக்கு முன்னால்; அப்போதும் அந்த மெஷினில் டாஸ் என்ற அந்தக் காலத்துச் சிஸ்டம்தான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. "டிஸ்க்ல எடம் கம்மிங்க" என்று அவர் சொன்னதுதான் தாமதம், காபி வருவதற்குள் சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். கமாண்ட்.காம் என்றொரு ஃபைல். நாம் தட்டும் கட்டளையைப் படித்து வேலை வாங்கும் மேஸ்திரி. மேஸ்திரிதான் ஏற்கெனவே மெமரியில் நிற்கிறாரே, டிஸ்கில் இன்னொரு நகல் எதற்கு? அழித்தேன். (அறிவாளி!)

அவர் காபியோடு வந்து எங்கள் ஜாதகங்களைப் போட்டார். பத்துக்கு ஒன்பது பொருத்தம். என் அம்மா பூவைக் கையில் எடுத்தார். கல்பனாவின் அப்பா ஜாதக புரோகிராமை மூடினார். மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

அவர் முகம் செத்துப்போனது. "இத்தினி வருஷத்துல ஒரு நாளும் நின்னதில்லீங்க. சகுனம் சரியில்ல. வேணாம்ங்க, விட்டுடலாம்."

பூ மறுபடி பைக்குள் போனது. எனக்கோ கல்பனாவை ரொம்பப் பிடித்திருந்தது. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சகுனம் இல்லீங்க. நான்தான் கமாண்ட்.காமை அழிச்சிட்டேன்."

கல்பனா தலையில் கைவைத்துச் சிரித்தாள். "ஐயோ! பெரிய புரோகிராம் வந்தா கமாண்ட்.காம் மெமரியில தன் எடத்துல பாதிய விட்டுக் குடுத்துடுங்க. வேலை முடிஞ்சதும் டிஸ்க்ல இருந்து அந்தப் பாதிய திரும்ப எடுத்துக்கும். நீங்க அதையே தூக்கிட்டீங்களே!"

எவ்வளவு பெரிய மனசு அந்தச் சின்ன ஃபைலுக்கு! அதைவிட, அதைப் புரிந்து வைத்திருந்த பெண்ணை நினைத்து அசந்துபோனேன்.

ஆசிரமத்துக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் விட்டுப்போன டாஸ் ஃப்ளாப்பியைப் போட்டு, அதிலிருந்த கமாண்ட்.காமை டிஸ்கில் ஏற்றி மெஷினை எழுப்பினாள். எழுந்தது, ஆனால் திரையில் ஜெர்மன் பேசியது. அவள் அப்பா பயந்தார்.

"அது பேசுற வார்த்தையெல்லாம் தனி மூட்டைப்பா. மூட்டைய மாத்துனா பாஷை மாறும், வேலை அதேதான்" என்றாள். பொருத்தம் மறுபடி வந்தது, அதே ஒன்பது. அம்மா பூவை வைத்தார்.

மெஷின் இன்னும் ஜெர்மன்தான் பேசுகிறது. ஜாதகம் பார்க்க எந்த மாப்பிள்ளைப் பையன் வந்தாலும் என் மாமனார் நாற்காலியைக் கீபோர்டுக்கு எட்டாத தூரத்தில் போடுகிறார். "கையக் கட்டிக்கினு உக்காருங்க தம்பி. ஏற்கெனவே ஒருத்தரு வந்துட்டுப் போனாரு."