சொன்ன இடத்தில் நிற்காத ரெண்டுகட்டை

ஒட்டுசுட்டானில் நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், சொன்ன இடத்தில் ஒருநாளும் நிற்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். பிரேக் பிடிக்காத லொறிகூட எங்காவது ஒரு பாலைமரத்தில் மோதி நின்றுவிடும். ரெண்டுகட்டை நிற்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் மைலைக் கட்டை என்போம். 'மூன்றாம் கட்டையில் வீடு' என்றால் வீதியோரம் மூன்றாம் மைல்கல் நிற்கும் இடத்தில் வீடு. ஒரு கட்டை தூரம் போகச் சொன்னால் இரண்டு கட்டை போகிறவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விவரம் தெரியாமல், புதிதாக மாற்றலாகி வந்த தபாலதிபர் இவரை விறகு விற்பவர் என்று நினைத்து, "எனக்கும் இரண்டு கட்டை கொண்டுவந்து போடும்" என்றார். ரெண்டுகட்டை மறுபேச்சில்லாமல் நான்கு கட்டைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு எரிந்து, மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர் அவர். ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். வீடுகளில் அவித்துக் காயவைத்த நெல்லை மூட்டையாகக் கட்டி மில்லுக்கு ஏற்றிப் போய், அரிசியாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பது அவருடைய தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரூற்றுப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவச் செபவீட்டுக்கு அதே சைக்கிளில் போய்வருவார்.

நாங்கள் குடிவந்த புதிதில் நானும் ஒரு மூட்டை நெல்லை அவரிடம் கொடுத்தனுப்பினேன். மில் சந்தியில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு கட்டை. காலையில் போனவர் அடுப்பில் உலை கொதித்து வற்றிய பிறகுதான் வந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"சந்தி மில்லு ஒரு கட்டைதாங்களே டீச்சரம்மா. அதுக்கு அங்கிட்டு ரெண்டாவது கட்டையில இன்னொரு மில்லு இருக்கு. அங்க குத்திட்டு வந்தேன்."

"சந்தி மில் பூட்டிக் கிடந்ததோ?"

"தொறந்துதான் இருந்துச்சு. மொதலாளிகூட கையக் காட்டினாரு."

"பிறகேன் அங்காலை போனனீங்கள்?"

"ஒருத்தன் ஒன்னைய ஒரு கட்டை இழுத்துட்டுப் போனா, நீயா அவன்கூட இன்னொரு கட்டை போன்னு ஆண்டவர் சொல்லியிருக்காருங்க."

"நான் எங்கை உங்களை இழுத்தனான்? நெல்லுக் குத்தத்தானே அனுப்பினனான்!"

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "அதுவும் ஞாயந்தாங்க" என்றார். அடுத்த கிழமையும் இரண்டாவது மில்லுக்கே போனார்.

சந்தி மில்காரர் என் கணவருக்கு ஒருவகையில் அண்ணன் முறை. என் கணவர் வவுனியாவில் வேலை பார்த்து வார இறுதியில் மட்டும் வருவதால், எங்கள் வீட்டுக்கு அவர்தான் காவல், ஆலோசனை, கண்டனம் எல்லாம். "ரீச்சர், உங்கட ஆள் என்ர மில்லைக் கண்டா வெருண்ட மாடு மாதிரி ஓடுறான்!" என்று என்னிடம் முறையிட்டார். அந்த மனுசனே ஒருநாள் அவசரத்துக்கு ரெண்டுகட்டையின் சைக்கிள் கரியரில் ஏறி, "ஆஸ்பத்திரியடியில இறக்கிவிடு" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வந்தது, போனது.

"இறக்கடா! எட, இறக்கடா!"

"கூச்சப்படாதீங்க மொதலாளி! எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல!"

கரியரில் இருந்தபடி மில்காரர் போட்ட சத்தத்தில், வீதியோரம் மேய்ந்த மாடுகள் காட்டுக்குள் ஓடின. உச்சி வெயிலில் தார் வீதியில் ஒரு கட்டை தூரம் திரும்பி நடந்துவந்த அவர், ஆஸ்பத்திரிக்கு வந்த காரணத்தோடு புதிதாக இன்னொரு காரணத்தையும் சேர்த்து மருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீற்றர் கற்களை நட்டார்கள். நாட்டில் வேறு யாரையும் அது பாதித்ததாகத் தெரியவில்லை. ரெண்டுகட்டை மட்டும் வேலைக்குப் போகாமல் புதுக்கல் ஒன்றின் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார்.

"என்ன, சுகமில்லையோ?"

"இது மைலவிடச் சின்னதுங்களே, டீச்சரம்மா."

"அப்ப உங்களுக்கு லாபம்தானே?"

"ஆண்டவர் சொன்னத ரோட்டு ஆபீசுல கொறைக்க முடியுங்களா?"

அதன் பிறகு, ஒரு கிலோமீற்றர் என்று சொல்லி ஏறியவர்களையும் இரண்டு மைல் கொண்டுபோய் விட்டார். ஊர் தாங்கவில்லை. மில்காரர் தண்ணீரூற்றுக்கே போய், செபவீட்டுப் போதகரிடம் வழக்கு வைத்தார். போதகர் சிரித்துவிட்டு ரெண்டுகட்டையைக் கூப்பிட்டாராம். "ஐயா, ஆண்டவர் கால் நடக்கிற தூரத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் கேட்ட இடத்துக்குப் பிறகு அவருக்கு என்ன தேவை என்று பாருங்கோ. அதுதான் அடுத்த கட்டை."

அன்றிலிருந்து சைக்கிள் சொன்ன இடத்தில் நின்றது. மனிதர் நிற்கவில்லை. சைக்கிளைச் சாத்திவிட்டு, "இனி என்னங்க?" என்று கேட்கத் தொடங்கினார். எங்களுக்கு உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான்.

மில்காரர் எஞ்சின் சாமான் வாங்க வவுனியா போயிருந்தபோது அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டுகட்டை அவாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். இனி என்னங்க? மருந்துக்கு வரிசையில் நின்றார். இனி என்னங்க? வீட்டுக்குத் திரும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்து, கோழிகளை அடைத்து, அடுப்பை மூட்டினார். பஸ்ஸால் இறங்கி வந்த மில்காரர் கண்டது, தன் குசினிக்குள் கஞ்சி துழாவிக்கொண்டு நின்ற ரெண்டுகட்டையைத்தான்.

"என்ர குசினிக்குள்ள என்னடா செய்யிறாய்?"

"கொஞ்சம் உப்புப் பாருங்க, மொதலாளி."

மில்காரர் உப்புப் பார்த்தார். அதன் பிறகு வழக்குப் பேச்சு நின்றது. கேலியும் பகிடியும் மட்டும் நிற்கவில்லை.

காட்டோரம் தனியாக இருந்த ஒரு கிழவரின் வாழைத்தோட்டத்தை யானை மிதித்தது. வேலிக்குத் தடி ஏற்றிக் கொடுக்கப் போனவர் வேலியையும் அடைத்துவிட்டு வந்தார். யானை பிரித்தது. போய் அடைத்தார். மறுபடியும் பிரித்தது. மறுபடியும் போனார். கடைசியில் யானைக்குத்தான் அலுத்துப்போனது.

இவ்வளவு செய்தவர், எங்கள் யாரையும் ஒருநாள் செபவீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. நாங்கள் சைவக்காரர். எங்கள் கோயில் திருவிழாவுக்கும் பந்தலடிக்கு மணல் ஏற்றித் தந்தவர் அவர்தான். மில்காரர் சும்மா இருப்பாரா? "என்னடா, எங்கட சாமிக்கு மணல் சுமக்கிறாய்?" என்று சீண்டினார். "சாமி வேறங்க. மணலு மணலுதாங்க" என்றார்.

இனி எழுதப்போவது பகிடி இல்லை.

எங்கள் பக்கம் முகாம் போட்டிருந்தது எந்த நாட்டு ஆமி என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருடங்களில் ஆமிகள் மாறின, எங்கள் பயம் மாறவில்லை. என் மகன் கண்ணன் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் காலையில் ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளைகளை வீதியில் மறித்து, அப்படியே முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று செய்தி வந்தது. செருப்பும் போடாமல் ஓடினேன். முகாமுக்குப் போகும் பாதையில் தடி போட்டு மறித்திருந்தார்கள். அதற்கு அப்பால் யாரையும் விடவில்லை. என்னைப்போல இன்னும் பல தாய்மார் அங்கே நின்றார்கள்.

அப்போதுதான் ரெண்டுகட்டை வந்தார். ரோந்து போன சிப்பாய்கள் வழியில் அவரைப் பிடித்து, தங்கள் கோதுமை மா மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒரு மூட்டை அவருடைய தோளிலும் இருந்தது. மறித்திருந்த தடிக்குக் கிட்ட வந்ததும் கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய், "போதும். இறக்கு. போ" என்றான்.

"முகாம் இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"ஒரு மைல்."

அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "மைலுங்களா! அப்ப வர்றேங்க."

"உனக்குப் பயம் இல்லையா?"

"இருக்குங்க. அது பாட்டுக்கு வரட்டும். மூட்டைய எங்க வைக்கணும்?"

என் பக்கத்தில் நின்ற ஒரு தாய் பல்லைக் கடித்தாள். "பாருங்கோவன் ரீச்சர், எங்கட பிள்ளையளைப் பிடிச்சு வைச்சிருக்கிறவைக்கு மா சுமக்குது, இந்த விசர்!"

ரெண்டுகட்டை என்னைக் கண்டார். "டீச்சரம்மா, நீங்க ஏன் இங்க?"

"கண்ணன் உள்ளுக்கை..." தடிக்கு அப்பால் கையைக் காட்டினேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே நடந்ததைக் கண்ணன்தான் சொன்னான். மூட்டைகளைச் சமையற்கட்டில் அடுக்கிவிட்டு, சமையற்காரரிடம் "இனி என்னங்க?" என்றாராம். தண்ணீர் வேண்டும் என்று அவர் கையால் காட்ட, கிணற்றில் அள்ளி அண்டாக்களை நிரப்பினாராம். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, வெயிலில் வரிசையாக இருத்தியிருந்த பிள்ளைகளிடம் போய்த் தண்ணீர் வார்த்தாராம். மறிக்க வந்த அதிகாரி, தமிழ் தெரிந்த சிப்பாயைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

"இவங்கள்ல யாரையாவது உனக்குத் தெரியுமா?"

"இந்தத் தம்பியத் தெரியுங்க."

"உன் மகனா?" என்று கேட்ட சிப்பாய், குரலைத் தாழ்த்தி, "மகன்னு சொல்லிடு" என்றானாம்.

"இல்லைங்க. இவங்க வீட்டு நெல்லு ஏத்துறவன் நானு. இப்ப மகன்னு பொய் சொன்னா, அப்புறம் நான் சொல்லுற எதையும் ஐயா நம்ப வேணாமே. நல்ல புள்ளைங்க. படிக்கிற புள்ள. அதுக்கு நான் பொறுப்பு."

"என்ன பொறுப்பு? கையில என்ன இருக்கு?"

"மூட்டை உங்களோடது. சைக்கிள் இருக்கு. நான் இருக்கேன்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். கண்ணன் இப்போது வீட்டுக்குப் போகலாம். நாளைக் காலை தன் மேலதிகாரி வருவார், அப்போது அவன் திரும்பி வந்து நிற்க வேண்டும். அதுவரை இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும். பையன் வராவிட்டால் ஆளை விடமாட்டோம். இதுதான் தீர்ப்பு.

மத்தியானம் கண்ணன் வீட்டுக்கு வந்தான். அவனைக் கட்டிப்பிடித்து அழுது முடிப்பதற்குள் மில்காரர் வந்துவிட்டார்.

"ரீச்சர், யோசிக்காதேங்கோ. பின்னேர பஸ்ஸில பெடியனை வவுனியாவுக்கு ஏத்துங்கோ. அங்கையிருந்து உங்கட அவர் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

"அப்ப அவர்?"

"அவனை என்ன செய்யப்போறாங்கள்? தண்ணி அள்ளுவான், மா சுமப்பான்..." மில்காரர் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் அலுமாரியைத் திறந்து கண்ணனின் உடுப்புகளை எடுத்துப் பையில் அடுக்கினேன். கைக்குள் வந்துவிட்ட பிள்ளையை எந்தத் தாய் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்? கண்ணன் வந்து, பையிலிருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் திரும்ப வைத்தான்.

"நாளைக்குக் காலமை நான் போறன், அம்மா."

"விசர்க்கதை கதையாதை."

"என்னைத் தெரியும் எண்டு சொன்னவரம்மா. நான் போகாட்டி, அவருக்கு என்னைத் தெரியேல்லை எண்டு ஆகிடும்."

என் பிள்ளை இப்படிப் பேசுவான் என்று எனக்குமே தெரிந்திருக்கவில்லை. மில்காரர் எழுந்து, சால்வையை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு மில்லுக்குப் பூட்டு. நானும் வாறன்" என்றார்.

மறுநாள் காலையில் அந்தத் தடிவரை மூவரும் போனோம். அதற்கு அப்பால் கண்ணன் தனியாக நடந்தான். என் பிள்ளையின் முதுகு சின்னதாகிச் சின்னதாகிப் பாதை வளைவில் மறைந்தது. எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். அன்று ரெண்டுகட்டையின் ஆண்டவரையும் விடவில்லை. மில்காரர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறிய பிறகு அந்த வளைவில் சைக்கிள் ஒன்று தெரிந்தது. அதன் ஒரு பக்கம் கண்ணன், மறுபக்கம் ரெண்டுகட்டை.

மேலதிகாரி கண்ணனிடம் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் திரும்பி வந்தாய்?" என்பதுதானாம். கண்ணன் கிணற்றடியில் நின்றவரைக் கையால் காட்டினானாம். அதன் பிறகு அதிக விசாரணை இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளையும் அன்று பின்னேரமே விட்டார்கள்.

தடியைத் தாண்டும்போது காவலுக்கு நின்ற சிப்பாயிடம் ரெண்டுகட்டை பெருமை அடித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? வரும்னு சொன்னேன்ல? வந்திருச்சு பாத்தீங்களா?" பெற்ற தகப்பன்கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"நல்ல ரொட்டிங்க, டீச்சரம்மா. சமையக்காரரு தங்கமான மனுசன். ஊருல அவருக்கும் மூணு புள்ளைங்க."

அவருடைய வலது தோள் வீங்கியிருந்தது. சைக்கிள் ஹாண்டிலைப் பிடிக்க அந்தக் கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தடுமாறிக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைப் பறித்துக்கொண்டேன்.

"ஐயோ, குடுங்கம்மா! டீச்சரம்மா சைக்கிள் உருட்டுறதா? ஆளுக பாக்குறாங்க!"

"பாக்கட்டும்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உருட்டினேன். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். வீதியில் மாடுகூடக் குறுக்கே வரவில்லை. ஆனாலும் நான் பெல்லை அடித்துக்கொண்டே போனேன்.