பாண்டிச்சேரியில் வந்த அவசர அழைப்பு

கப்பல் பாண்டிச்சேரிக்கு வந்து நங்கூரம் போட்ட அன்று காலையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி செத்தாலும் தரையில்தான் சாவது.

என் பெயர் இளஞ்செழியன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆபீசில் நான் மற்றவர்களைக் கண்காணிக்கிறேன். வீட்டில் என் மனைவி தனம் என்னைக் கண்காணிக்கிறாள். அவளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கப்பல் சுற்றுலா கிளம்பினோம். சென்னையில் ஏறி விசாகப்பட்டினம், அங்கிருந்து பாண்டிச்சேரி, மறுபடி சென்னை. ஏற்பாடெல்லாம் பக்கத்து வீட்டு சக்திவேல். உற்சாகமெல்லாம் நான். கடல் என்றால் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தனத்துக்குத்தான் தலை சுற்றும், பாவம் பெண்பிள்ளை, எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள் என்று புத்தி வேறு சொன்னேன். அவள் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டாள்.

கரை கண்ணை விட்டு மறைந்ததும் எனக்கு வயிறு இடம் மாறியது. சுற்றுலா என்றார்கள், சுற்றியது என் தலை ஒன்றுதான். பையிலிருந்த எலுமிச்சம்பழம் முழுவதையும் திருட்டுத்தனமாக நானே முகர்ந்து தீர்த்தேன். ஆபீஸ் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்று தனத்திடம் சொல்லிவிட்டு அறையிலேயே சுருண்டு கிடந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. மேல்தளத்தில் பெண்களோடு கும்மியடித்தாள். வேளாவேளைக்கு வந்து, தான் சாப்பிட்டதை ஒன்று விடாமல் விவரித்தாள். வெண்பொங்கலில் நெய் மிதந்ததை அவள் சொன்னபோது நான் குளியலறைக்கு ஓடினேன். அதற்கும் அவள் எதுவும் கேட்கவில்லை.

இப்போது கடைசித் துறைமுகம். படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் இன்னும் ஓர் இரவு முழுக்கக் கடல். நினைத்ததுமே நாக்கில் புளித்தது. பாண்டிச்சேரியிலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் திருவண்ணாமலை. இறங்கிவிடலாம்தான். ஆனால் என்ன சொல்லி இறங்குவது? வாயாலே கடலைத் தாண்டியவன் வாந்திக்குப் பயந்து ஓடினான் என்று தெரு சிரிக்காதா?

கரை தெரியத் தெரிய போனில் சிக்னல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூளையும் வந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆபீஸ் நண்பர் ராமதாஸைக் கூப்பிட்டேன். சரியாக நாங்கள் கரையில் இறங்கும் நேரத்துக்கு அவர் எனக்குப் போன் செய்ய வேண்டும்; பெரிய அதிகாரி உடனே வரச் சொல்கிறார் என்று கறாராகச் சொல்ல வேண்டும். ராமதாஸ் நல்ல மனிதர். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

கடற்கரைச் சாலையில் கால் வைத்ததும் போன் அடித்தது. தனத்துக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ராமதாஸ் பிரமாதமாக நடித்தார். அவர் போட்ட அதட்டலில் பொய் என்று தெரிந்த எனக்கே வியர்த்தது.

தனம் நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான?"

"சர்க்கார் வேலைக்கு ஏது தனம் ஞாயிறும் திங்களும்?"

அவள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எவ்வளவு அழகான தரை, துளி ஆட்டமில்லை.

"வேலைதான் முக்கியம். நீங்க கெளம்புங்க. நான் இவங்களோட வந்துக்கிறேன்."

இவ்வளவு சுலபமா? முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் முதல் வெற்றி. அவளே சக்திவேலிடம் சொன்னாள். அவனும் கப்பல் ஆட்களிடம் பேசி அனுமதி வாங்கினான். வீட்டுச் சாவியைக்கூட நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று திண்டிவனம் வரை வருத்தப்பட்டேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். கீழ்பென்னாத்தூர் தாண்டிக் கண் விழித்தால் ஜன்னலில் மலை. அசையாமல், ஆடாமல், அப்படியே நின்றது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால், கேட்டுக்கு முன்னால் மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம். தனத்தின் தங்கை வேதா, அவள் புருஷன் மணிவேல், மணிவேலின் அப்பா அம்மா, பிள்ளைகள். வேலூரிலிருந்து பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்திருக்கிறார்களாம். கடல் அலையிடம் தப்பியவன் சகலையிடம் மாட்டினேன்.

தனத்துக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே பாட்டும் சிரிப்புமாகக் கேட்டது.

"வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. மதியத்துக்கு ஒரு சாம்பார் வச்சிடுங்க. பெரியவங்களுக்குக் காரம் கம்மியா போடுங்க. சாயங்காலம் கூடவே நடந்து பத்திரமா சுத்திக் காட்டுங்க." கடைசியாக ஒன்று கேட்டாள். "ஆமா, ஆபீசுக்குப் போவலையா?"

"வேண்டாம்னுட்டாங்க" என்றேன்.

"நெனச்சேன்" என்று வைத்துவிட்டாள்.

சாம்பார் வைத்தேன். நன்றாகவே வந்தது. கப்பலில் ஒன்றும் தங்காத வயிற்றுக்கு அது அமிர்தமாக இருந்தது. நானே எல்லோரையும்விட ஜாஸ்தி சாப்பிட்டேன். சாயங்காலம் செருப்பில்லாமல் மலையைச் சுற்றக் கிளம்பினோம். கால் கொதித்தாலும் மனசு குளிர்ந்திருந்தது. என்ன இருந்தாலும் இது தரை. மணிவேலின் அப்பாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி வழி தாண்டி அடி அண்ணாமலை வந்து சேர்ந்தபோது நிலா ஏறியிருந்தது. டீக்கடை பெஞ்சில் சாய்ந்தேன். மணிவேல் டீயை நீட்டினான். மனசாரச் சொன்னேன்.

"காலைல தனம் போன் பண்ணதும் இவ்ளோ பேரும் அடிச்சுப் பிடிச்சு வந்துட்டீங்களே, மணிவேலு. சந்தோஷம்."

"காலைலயா? இல்லண்ணா. அண்ணி முந்தாநாளே விசாகப்பட்டினத்துலேர்ந்து போன் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை அவருக்கு ஆபீஸ்லேர்ந்து அவசரமா போன் வரும், பாண்டிச்சேரியில எறங்கி வந்துடுவாரு, நீங்க தைரியமா கெளம்பி வாங்கன்னாங்க."

அந்தப் பொய் எனக்கே தோன்றியது அன்று காலையில்தான்.