வளைகாப்புக்குப் போன பேட்டரி

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மயிலாப்பூர்ல ஒரு மினி ஹால்ல எங்க ஆளுங்களை உக்கார வச்சு, வர்ற சீஃப் கெஸ்ட்டுக்கு ஒரு சால்வை போடணும். அவ்ளோதான்.

நான் அடையாறுல ஒரு சின்ன பயிற்சி நிறுவனத்துல கோஆர்டினேட்டர். மின்துறை இன்ஜினியர்கள், காற்றாலை ஆளுங்க, சோலார் ஆளுங்க எல்லாருக்கும் கொள்கைப் பாடம் நடத்துவோம். நிலக்கரி, டீசலை விட்டுட்டு வெயிலுக்கும் காத்துக்கும் மாறணும்னா என்ன சட்டம் வேணும், யார்கிட்ட என்ன கட்டணம் வாங்கலாம், அந்த மாதிரி.

எனக்கு இதுல எவ்ளோ தெரியும்னு கேக்காதீங்க. எங்க வீட்டு மீட்டர் பெட்டி எங்க இருக்குன்னே போன வருஷம்தான் தெரிஞ்சுது.

எங்க கட்டடத்துல பெயின்ட் அடிக்கிறாங்கன்னு கடைசி நாள் பயிற்சியை மட்டும் இந்த ஹாலுக்கு மாத்தினோம். முதல் மாடி எங்களுக்கு. ரெண்டாவது மாடியில ஒரு வளைகாப்பு.

சீஃப் கெஸ்ட் ஒரு ரிட்டயர்டு பெரிய அதிகாரி. அவர் நல்லபடியா ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா அடுத்த பேட்ச்சும் எங்களுக்கு. இல்லன்னா பயிற்சி ஹைதராபாத் போயிடும். என் வேலையும் பின்னாடியே போயிடும்.

டைரக்டர் மேடம் முந்தின நாளே ஃபோன்ல சொல்லிட்டாங்க, "சொதப்பாம இருந்தா போதும். புதுசா எதுவும் செய்யாதே."

நான் அதுக்கு முன்னாடியே புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிருந்தேன்.

ஹால் புக் பண்ணப் போனப்ப மேனேஜர் குமார் அண்ணன் கேட்டார், "ஜெனரேட்டர் வண்டி வாசல்லயே கீது மேடம். டீசல் ரொப்பி வெச்சிடவா?"

சரின்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தா அது என் வாயே இல்ல.

"அண்ணே, டீசல் வேணாம்னு ஊருக்கே பாடம் நடத்துறவங்க நாங்க. எங்க ப்ரோக்ராம் அன்னிக்கு அந்த வண்டி வாசல்ல தெரியவே கூடாது" அப்படின்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அவரும் பொறுமையா தலையாட்டினார். நான் ஒரு ஆளைத் திருத்திட்ட சந்தோஷத்துல இளநி குடிச்சுட்டு வீட்டுக்கு வந்தேன்.

டீசலுக்குப் பதிலா, ஷோவுக்கு வைக்கிறதுக்காக கிண்டியில ஒரு கம்பெனியிலேர்ந்து பேட்டரி ஒண்ணு இரவல் வாங்கிட்டு வந்தேன். சின்ன ஃப்ரிட்ஜ் சைஸ், ரெண்டு பக்கமும் கைப்பிடி. அது பக்கத்துல நின்னு செல்ஃபி வேற எடுத்தேன். நீங்க லைக் போட்டது அதுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில எல்லாம் ஜோரா ஆரம்பிச்சுது. அன்னிக்குப் பயிற்சி, கருத்துக் கேட்புக் கூட்டம் மாதிரி நடிச்சுப் பாக்கிறது. ஒருத்தர் கட்டணம் நிர்ணயிக்கிற ஆணையம், ஒருத்தர் மின் நிறுவனம், ஒருத்தர் சோலார் கம்பெனி, ஒருத்தர் நுகர்வோர். மேஜை மேல பெயர்ப் பலகை எல்லாம் வச்சாச்சு. நுகர்வோரா நடிக்க வேண்டியவருக்கு வயித்து வலி, வரல. அந்த நாற்காலி மட்டும் காலி.

காற்றாலை கம்பெனி நவீன் ஆணையத் தலைவர் நாற்காலியில உக்காந்து தொண்டையைச் செருமினான். கரண்ட் போச்சு.

நான் சிரிச்சுக்கிட்டே கீழே ஓடினேன். "அண்ணே, ஜெனரேட்டர்?"

"இன்னா மேடம், நீங்கதானே வாசல்ல தெரியக் கூடாதுன்னீங்க? மாம்பலத்துல ஒரு கல்யாணத்துக்கு அனுப்சிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா? ஓரமா மறைச்சு வைப்பீங்கன்னு நினைச்சேன்!"

"அம்மாம் பெரிய வண்டிய எங்க மேடம் மறைக்கிறது?"

மேல ஓடி வந்தா, மின்துறை இன்ஜினியர் செல்வராணி மேடம் அமைதியா விசிறிக்கிட்டு இருந்தாங்க. திருநெல்வேலிக்காரங்க, எதுக்கும் பதறாதவங்க.

"மேடம், உங்க ஆபீஸ்ல யாருக்காவது ஃபோன் போட்டு கேளுங்களேன்."

"கேக்க வேண்டாம்மா. இது மாசாந்திரப் பராமரிப்புல்லா. காலையில பேப்பர்லயே போட்டிருக்கும். இந்த ஏரியா ஷட்டவுன்ல கையெழுத்து போட்டதே நாந்தான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்?"

"நீ லொகேஷன் அனுப்புன. நான் ஆட்டோல ஏறி வந்து எறங்குனேன். எந்த ஏரியான்னு நான் எங்க பாத்தேன்?"

கரண்ட் போற பட்டியலை வீட்டுல இருக்கிறவங்கதான் படிப்பாங்க. கரண்டை நிறுத்துற கூட்டமும் படிக்கல, அவங்களுக்குப் பாடம் எடுக்கிற நானும் படிக்கல.

"கொஞ்ச நேரத்துக்காவது ஆன் பண்ணச் சொல்லுங்களேன்?"

அவங்க விசிறுறதை நிறுத்திட்டாங்க. "கம்பத்துல ஆளு ஏறியிருப்பான். சாயங்காலம் அவன் எறங்குற வரைக்கும் யாரு கேட்டாலும் தர மாட்டேன்." அதுக்கு மேல கேக்க எனக்கும் மனசு வரல.

சரி, பேட்டரி இருக்கே. ப்ரொஜெக்டர், மைக், நாலு ஃபேன் தாங்கும். நான் வயரைக் கையில எடுத்தேன். வாசல்ல ஒரு மாமி. பட்டுப்புடவை, கை நிறைய சந்தனம், முகம் நிறைய கோபம். வளைகாப்புப் பொண்ணோட அம்மா.

"ஏம்மா, நீதான் இங்க பெரியவளா? ஜெனரேட்டரைப் போடுன்னா, நீ அனுப்பச் சொல்லிட்டேன்னு அந்த மேனேஜர் சொல்றான். மேல எம்பொண்ணு பட்டுப்புடவை உடுத்திண்டு வேர்த்து வழியறா. அந்தப் பெட்டியில கரண்ட் இருக்கா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நவீன் மேஜையைத் தட்டினான்.

"ஒரு நிமிஷம். இது உண்மையான வழக்கு. பேட்டரி யாருக்குன்னு இப்பவே கருத்துக் கேட்போம். அம்மா, நுகர்வோர் நாற்காலியில உக்காருங்க."

கூட்டமே குஷியாயிடுச்சு. மூணு நாளா தூங்கி வழிஞ்சவங்க எல்லாம் நிமிர்ந்து உக்காந்தாங்க. மாமியும் உக்காந்துட்டாங்க.

சோலார் கம்பெனியா நடிச்சவர் எழுந்தார். "பேட்டரியை இப்பவே காலி பண்றது சரியில்ல. சாயங்காலம் எல்லாரும் கரண்ட் இழுக்கிற பீக் அவர் வரைக்கும் வச்சிருந்தா அதிகப் பயன்."

"ராகுகாலத்துக்கு முன்னாடி வளை அடுக்கியாகணும். அதான் எனக்குப் பீக் அவர்" அப்படின்னாங்க மாமி.

பின் வரிசையிலேர்ந்து கைத்தட்டல். சீஃப் கெஸ்ட் வரும்போது இருட்டு ஹால்ல நான் மெழுகுவர்த்தியோட நிக்கிற காட்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. நானும் எழுந்தேன்.

"ப்ரொஜெக்டர் ரொம்ப முக்கியம். எங்களுக்கு ஸ்லைடு இருக்கு."

"என்ன ஸ்லைடு?" மாமி கேட்டாங்க.

நான் ஸ்லைடு பேப்பரைத் தேடினேன். செல்வராணி மேடம் விசிறிக்கிட்டே எடுத்துக் கொடுத்தாங்க, "'எளிய நுகர்வோருக்கே முதலிடம்'. மொத நாள்லேருந்து அதத்தான போடுதா."

கர்ப்பிணிப் பொண்ணோட ஃபேனுக்கு எதிரா வாதாடின முதல் ஆள் இந்த உலகத்துல நானாத்தான் இருப்பேன்.

நவீன் கம்பீரமா சொன்னான், "இருதரப்பும் கேட்டாச்சு. உத்தரவு தள்ளி வைக்கப்படுகிறது."

"நீ தள்ளி வை. நான் தூக்கிண்டு போறேன்" அப்படின்னு மாமி பேட்டரியோட ஒரு கைப்பிடியைப் பிடிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் யாரு உக்காந்திருப்பா? நாலு இன்ஜினியர் ஓடி வந்து மாமியை நகர்த்திட்டு தூக்கினாங்க. கரண்ட் இல்லாததால லிஃப்ட் ஓடல. படியில ஏத்தணும், இன்னொரு கை வேணும். கடைசி வரிசையில வேட்டி சட்டையோட ஒரு பெரியவர் தனியா உக்காந்திருந்தார். வளைகாப்பு வீட்டு ஆள், ஜன்னல் காத்துக்காக எங்க ஹாலுக்கு வந்திருக்கார்னு நினைச்சேன்.

"மாமா, சும்மா உக்காந்திருக்கீங்களே. உங்க வீட்டு ஃபங்ஷன்தானே, ஒரு கை பிடிங்க."

அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து பிடிச்சார். நான் பின்னாடியே "மாமா, சுவத்துல இடிக்காதீங்க, இரவல் பொருள்"னு அதட்டிக்கிட்டே வந்தேன்.

மேல ஃபேன் சுத்தினதும் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு "அப்பாடா"ன்னா. சத்தியமா சொல்றேன், அந்த ஒரு நிமிஷம் என் வேலை ஞாபகமே எனக்கு இல்ல. கண்ணாடி வளை சத்தம், சந்தன வாசனை. எங்க இன்ஜினியர்கள் ஆளுக்கொரு தொன்னையில புளியோதரை வாங்கிக்கிட்டு, பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அப்ப டைரக்டர் மேடம் ஃபோன்.

"சீஃப் கெஸ்ட் சீக்கிரமே வந்துட்டாராமே. டிரைவர் சொன்னார். நல்லா கவனிச்சியா?"

"இன்னும் வரலையே மேடம்."

"வந்து ஒரு மணி நேரம் ஆச்சாம். நீ அவரைப் பாத்ததில்லல்ல? வேட்டி சட்டைதான் போட்டிருப்பார்."

திரும்பிப் பாத்தேன். நான் அதட்டின மாமா, கன்னத்துல சந்தனத்தோட, ரெண்டாவது தொன்னை நீட்டிக்கிட்டு நின்னார்.

கிட்டப் போனேன். "சார், சால்வை கீழே இருக்கு."

"சால்வை கிடக்கட்டும். இந்த வேர்வையில அதை வேற போத்தணுமா?" தொன்னையைக் கீழ வச்சார். "நான் கடைசி வரிசையிலேர்ந்து எல்லாத்தையும் பாத்தேம்மா. நீ ப்ரொஜெக்டருக்கு வாதாடினதையும் பாத்தேன்."

முடிஞ்சுது கதை. ஹைதராபாத்துக்கு ஒரு டாட்டா காட்டினேன் மனசுக்குள்ள.

"என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ கருத்துக் கேட்பு நடத்தியிருக்கேன். நுகர்வோர் ஜெயிச்சு இன்னிக்குத்தான் பாக்கிறேன். தோள்பட்டைதான் வலிக்குது."

திங்கக்கிழமை அவர் எழுதினது வந்துச்சு. அடுத்த பேட்ச் எங்களுக்கே. நான் டேபிளைத் தட்டித் தட்டி சிரிச்சேன். கூடவே ஒரு நிபந்தனை: அந்த நுகர்வோர் கண்டிப்பா இருக்கணும்.

டைரக்டர் மேடத்துக்கு நடந்தது எதையும் நான் சொல்லல. அவங்க கூப்பிட்டு, "யாரு அந்த எக்ஸ்பர்ட்? உடனே தேதி வாங்கு" அப்படின்னாங்க.

குமார் அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி, குலதெய்வத்தைக் கும்பிட்டுட்டு மாமிக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வரேன். முதல்ல அந்த ஜெனரேட்டர் திரும்பி வந்துடுத்தான்னு பாத்துச் சொல்லு."