மொட்டைமாடி அறையை நான் மீட்ட வரலாறு

நீதிமன்றம் ஏறியே தீருவதென்று நான் சூளுரைத்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில். காரணம், என் அறைக் கதவில் நகராட்சி ஆய்வாளர் தீட்டிவிட்டுப் போன சிவப்புப் பெருக்கல் குறி. இடிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

அறை என்றால் மாளிகையன்று. துபாய்க்கு அருகே அஜ்மானில் நாங்கள் குடியிருந்த பழைய வில்லாவின் மொட்டைமாடியில், வீட்டுக்கார அரபியின் சம்மதத்தோடு பிளைவுட்டால் எழுப்பிய சிறு கூண்டு. உள்ளே ஒரு ஏசி, ஒரு கேரம் பலகை. வார விடுமுறையான வெள்ளிதோறும் நண்பன் கார்மேகம், தன்னைப் போலவே குடும்பமின்றித் தங்கியிருந்த ரூம்காரர்கள் இருவருடன் வருவான். வாரமெல்லாம் பிறர் சொல் கேட்டு நடக்கும் நான் அங்கே மட்டும் சொல்வேன், மூவர் கேட்பார்கள்.

"ஃபேமிலி ஏரியாவுல பேச்சிலருங்க கூடுறாங்கன்னு எவனோ கம்ப்ளைண்ட் குடுத்திருக்கான்" என்றேன் மனைவி நாகஜோதியிடம்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாருங்க அந்தப் பாவி?"

"தெரிஞ்சா சும்மா விடுவேனா?"

"விடுவீங்க."

"கோர்ட்டுல அப்பீல் பண்ணப்போறேன், ஜோதி."

"பண்ணுங்க. நியாயம் உங்க பக்கம்தான்."

திடுக்கிட்டேன். திருமணமான நாள்முதல் நியாயம் என் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு அவள் அக்கா சரோஜா குடும்பத்தோடு துபாய் பார்க்க வர விரும்பியபோது, "படுக்க இடம் எங்கே?" என்று நான் தட்டிக்கழித்த பிறகு, உப்புக்கூட என் பக்கம் நகர்ந்ததில்லை.

"ஆனா ஜட்ஜுகிட்ட கேரம்னு உளறாதீங்க. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா தங்கறதுக்குன்னு சொல்லுங்க."

"யாரும் வரலையே?"

"'வந்தா'ன்னுதானே சொல்றோம்?"

இத்தகைய சட்ட அறிவைச் சமையலறையில் வீணடித்தோமே என்று வருந்தினேன்.

விசாரணை அரபியில் நடந்தது. என் சொல்லை மொழிபெயர்க்க வந்தவர் கௌஸ் முகைதீன், காயல்பட்டினத்துக்காரர். கண்ணாடி முன் பழகிய உரையை நான் நிகழ்த்தினேன். விருந்தினரை உயிரினும் மேலாகப் போற்றும் தமிழர் பண்பாட்டை விளக்கினேன். படுக்க இடமின்றித் தவிக்கும் உறவினரின் கண்ணீரை விவரித்தேன். முகைதீன் அதை ஒரே மூச்சில் அரபியாக்கிவிட்டு அமர்ந்தார்.

"என்ன பாய், அவ்வளவுதானா?"

"வீடு சின்னது, சொந்தம் பெருசுன்னேன். வேலை முடிஞ்சுது, உக்காருங்க."

முடியவில்லை. நீதிபதி எதையோ வினவினார்.

"எந்தச் சொந்தக்காரங்கன்னு கேக்குறார்" என்றார் முகைதீன்.

நான் ஒரு பெயரைத் தேடுவதற்குள் பின்வரிசையிலிருந்து நாகஜோதியின் குரல் தணிந்து வந்தது.

"எங்க அக்காவும் அத்தானும்."

"என் சகலை கோபாலசாமியும் அவர் மனைவியும்!" என்று முழங்கினேன்.

கோபாலசாமி சேலத்தில் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். மிருதங்கம் கற்றுக்கொள்பவர். நானறிந்த நாளிலிருந்து கற்றுக்கொண்டேயிருப்பவர்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாயிற்று. அறை நிற்கலாம். ஆனால் நான் பெயர் சொன்ன உறவினரே அதில் தங்க வேண்டும்; ஆய்வாளர் வந்து பார்ப்பார்; அவர்கள் இல்லையென்றாலும், பேச்சிலர் ஒருவர் தென்பட்டாலும் அறை தரைமட்டம்.

"கவலைப்படாதீங்க" என்றாள் நாகஜோதி, டாக்சியில். "அக்காவும் அத்தானும் புதன்கிழமை வர்றாங்க."

"எப்படி? விசா?"

"டிராவல்ஸ்ல எடுத்தாச்சு. கோர்ட்டுலயே சொல்லிட்டீங்க. இனிமே வராம இருந்தா உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

டாக்சி மீட்டரில் ஏறும் தொகையை எண்ணத் தொடங்கினேன்.

கூட்டம் கூடும் நாள் பார்த்து வெள்ளிக்கிழமையே ஆய்வாளர் வந்தார். மாடியில் என் ஏசியின் குளிரில் மிருதங்கம் முழங்கிக்கொண்டிருந்தது. கேரம் பலகையின்மேல் சரோஜா வடகம் காயவைத்திருந்தாள். அனைத்தையும் பார்த்து நிறைவுற்ற ஆய்வாளர், கீழே வந்ததும் என்னைக் கடந்து நாகஜோதியிடம் திரும்பினார்.

"பெஹன்ஜி, இப்போது பேச்சிலர் யாரும் வருவதில்லையே? நீங்கள் கொடுத்த புகாரை முடித்துவிடலாமா?" என்று இந்தியில் கேட்டார்.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு முகைதீன் தேவைப்படவில்லை. அருகிலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"கலாஸ், முடித்துவிடலாம், பாய்சாப்" என்று கைகூப்பினாள் நாகஜோதி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, உக்காந்துட்டீங்க? சாருக்கு டீ கொண்டாங்க."

எழுந்தேன். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.