நாலு கம்பளிப்பூச்சி

பார்சலை மனைவி பிரித்துவிட்டாள். அதோடு போயிற்று.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஹாலின் நடுவில் அது கிடப்பது தெரிந்தது. கிழிந்த காகிதம். அதன்மேல் பளபளவென்று ஒரு டிஸ்க் பெட்டி. அதன் அட்டையில், கலங்கரை விளக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ராட்சதக் கம்பளிப்பூச்சி. பக்கத்தில் இடுப்பில் கை வைத்தபடி மனைவி. இரண்டில் எது பயங்கரம் என்று யாராவது கேட்டிருந்தால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்.

"இது என்னங்க?"

"படம்மா."

"படம்னு தெரியுது. இதே பூச்சி, இதே விளக்கு. அலமாரியில ஏற்கனவே மூணு இருக்கே, இது எதுக்கு?"

"அது வேற, இது வேற."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷனுக்கு வாய் சும்மா இருந்தால்தானே!

கண்ணாடிக்காரருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, அதில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே கேள்வியை வீட்டில் இந்தப் படத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். விண்கல்லோடு வந்து விழுந்த கம்பளிப்பூச்சி ஒன்று மளமளவென்று வளர்ந்து, கலங்கரை விளக்கத்தில் ஏறிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்கிறது. ஒன்றரை மணி நேரமும் இதுதான். சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு அவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருக்கிறார். அந்தக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்பது மனைவியின் கட்சி.

"ரெண்டு வெச்சுக்குங்க, ரெண்டு போகணும்" என்றாள். "எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

"எப்படிம்மா குடுக்கிறது? ஒவ்வொண்ணும் ஒரு விதம்!"

"சரிதானேப்பா நான் சொல்றது?" என்று அவள் மூலையைப் பார்த்துக் கேட்டாள்.

மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் மாமனார் இருந்தார். கண் பார்த்துக் கண்ணாடி மாற்றிக்கொண்டு போக ஊரிலிருந்து வந்திருந்தார். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காவலில் ஒருத்தன்கூடப் பார்த்து எழுதியது கிடையாது. வீட்டிலும் அதே நடைதான். பேச்சு என்றால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.

"ம்" என்றார் மாமனார். அன்றைய கணக்கில் ஒன்று போயிற்று.

விளக்கிச் சொன்னால் புரியாமலா போகும் என்று கண்ணாடிக்காரர் அன்று சாயங்காலமே மனைவியை டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"இது முதல் டிவிடி. பாரு, ரெண்டு பக்கமும் படத்தை வெட்டிட்டான். புரொஃபசருக்கு இடது காது இல்ல, தெரியுதா?"

"அந்தாளு காது எனக்கு எதுக்குங்க?"

"இது ரெண்டாவது. காது வந்துடுச்சு. ஆனா கறுப்பெல்லாம் லேசா பச்சை அடிக்கும். இது மூணாவது, புளூ-ரே. சுத்தம் பண்றேன் பேர்வழின்னு புள்ளி புள்ளியா இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டர்ல தொடைச்சிருக்கான். அதோட சேர்த்துப் பூச்சியோட முடியையும் தொடைச்சுட்டான்! கம்பளிப்பூச்சி மொழுமொழுன்னு நிக்குது பாரு." அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "இன்னிக்கு வந்தது நாலாவது. முடியெல்லாம் திரும்ப முளைச்சிருக்கு. என்ன ஒண்ணு, ரொம்பத் தெளிவா இருக்கறதால பூச்சியைக் கட்டி இழுக்கிற கம்பி தெரியும்."

மனைவி நாலையும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுல காது இல்ல, ஒண்ணு பச்சை, ஒண்ணுல முடி இல்ல, ஒண்ணுல கம்பி தெரியுது. ஆக நாலுமே ஓட்டை. அதைத்தானே சொல்ல வர்றீங்க?"

"அப்படி இல்லம்மா..."

"ஒண்ணு வெச்சுக்குங்க. மூணு போகணும்."

விளக்கியதில் ஒரு டிஸ்க் நஷ்டம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அவர் மாடி வீட்டுத் தையல்காரரை டீ குடிக்கக் கூப்பிட்டார். நூல் நிறத்தில் இழை வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர், நடுநிலையாகச் சாட்சி சொல்வார் என்ற நம்பிக்கை. தையல்காரர் ஒரே காட்சியை நாலு தடவை பார்த்தார், இரண்டு டீ குடித்தார்.

"எப்படிங்க? வித்தியாசம் தெரியுதா?"

"பூச்சிக்குத் தைச்ச துணி அளவு சரியில்லீங்க. வயித்துப் பக்கம் தூக்குது பாருங்க."

"அதை விடுங்க. இந்த நாலுல எதை வெச்சுக்கலாம்?"

தையல்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க. இதையெல்லாம் வீட்ல வெச்சுக்கணுமான்னு இருக்கு."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "கேட்டுக்கிட்டீங்களா? அந்த ஒண்ணும் இனிமே பரண்லதான். அலமாரியில கிடையாது."

கண்ணாடிக்காரருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. நாலு பிள்ளை பெற்றவனிடம் மூன்றைத் தத்துக் கொடு, மிச்சம் ஒன்றையும் பரணில் போடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அடுத்த நாள் மாமனாரைக் கடைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். சட்டத்தை மாட்டினார். லென்ஸ் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"இப்ப இது எப்படி இருக்கு மாமா? முன்னைவிடத் தெளிவா?"

"மாப்ளே, முன்ன போட்ட அதே லென்ஸைத்தானே திரும்பப் போட்டீங்க?"

கண்ணாடிக்காரர் திகைத்துப் போனார். "இருபது வருஷத்துல இதை ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சதில்ல மாமா! இது எங்க தொழில்ல ஒரு சோதனை. உண்மையிலேயே தெரிஞ்சு சொல்றாங்களா, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றாங்களான்னு பாக்க, மாத்தற மாதிரி மாத்தி அதையே போடுவோம். பாதிப் பேர், 'ஆமாங்க, இப்பதான் பளிச்சுன்னு இருக்கு'ம்பாங்க."

"அப்படியா!" என்றார் மாமனார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போயிற்று. கண்ணாடிக்காரர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைப் பார்க்கிறவர் முகத்தை எங்கே பார்த்தார்!

அன்று சாப்பிடும்போது மாமனார், யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தார்.

"ஏம்மா, மாப்ளே வித்தியாசம் தெரியுதுங்கறார். நீ இல்லைங்கறே. ஒரு பரீட்சை வெச்சுட்டாப் போச்சு. நான் டிஸ்க்கை மாத்திப் போடறேன். எது எதுன்னு அவர் பாத்தே சொல்லட்டும். சொல்லிட்டா நாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்."

"சொல்லலைன்னா?" என்றாள் மகள்.

"கடைசியா எது பிளேயர்ல இருக்கோ அது பரணுக்கு. மத்த மூணும் வீட்டை விட்டே போகட்டும்."

கண்ணாடிக்காரருக்கு மாமனாரின் காலில் விழலாம் போல இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரே! "எனக்குச் சம்மதம். தோத்தா நான் வாயே திறக்க மாட்டேன்" என்று மார்தட்டினார். மனைவி உடனே, "பேச்சு மாறக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை. மாமனார் ஹாலைத் தயார் செய்த விதத்தைப் பார்த்தால் அரசாங்கத் தேர்வே தோற்றது. டிவிக்கு நேரே ஒற்றை நாற்காலி. நாலு டிஸ்க்கும் நாலு வெள்ளை உறைகளில். அவர் பிளேயர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். டிஸ்க் மாற்றும்போது கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் திருட்டுத்தனமாகத் திறக்கிறாரா என்று மனைவி எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தட்டு வெளியே வருகிற சத்தம். உள்ளே போகிற சத்தம்.

"திறங்க."

கம்பளிப்பூச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் காட்சி. கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணாவது. முடி இல்ல."

மனைவி குறித்துக்கொண்டாள். மறுபடி தட்டுச் சத்தம்.

"ஒண்ணாவது! காது எங்க?"

மறுபடி.

"நாலாவது. கம்பி தெரியுது, அதுவும் இடது பக்கம்."

கடைசியாக.

"ரெண்டாவது. பச்சை." அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மூணு, ஒண்ணு, நாலு, ரெண்டு! சொல்லுங்க மாமா, சரியா?"

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. வருத்தத்தில் என்றுதான் கண்ணாடிக்காரர் நினைத்தார்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாப்ளே. நான் மாத்தவே இல்ல."

"என்னது?"

"உங்க கடைச் சோதனைதான். மாத்தற மாதிரி மாத்தி அதையே போட்டேன். நாலு தடவையும் ரெண்டாவதுதான்." தட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டாவது டிஸ்க், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மனைவி சிரித்த சிரிப்பு மாடி வீட்டுத் தையல் மிஷினை நிறுத்திவிட்டது. "முடி இல்லையாம், கம்பியாம்! அதுவும் இடது பக்கமாம்! ஐயோ, முடியலப்பா!"

கண்ணாடிக்காரர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கம்பியைப் பார்த்தாரே! இந்த இரண்டு கண்ணால் பார்த்தாரே! வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டதால் வாயைத் திறக்கவும் வழியில்லை.

"மூணையும் குப்பையில போட வேணாம்மா" என்றார் மாமனார் இரக்கத்தோடு. "போற வழியில ஏதாவது லைப்ரரியில குடுத்துடறேன். நாலு பேர் பாக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்குப்பா வீண் சுமை?"

"பரவாயில்லம்மா. மாப்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

மறுநாள் கடையில் கண்ணாடிக்காரருக்கு எதுவுமே ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரை உட்கார வைத்து, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு."

"எனக்கும் அப்படித்தாங்க" என்றார் கண்ணாடிக்காரர். அவர் கண் கலங்கியதைப் பார்த்து அந்த ஆள் பயந்துபோய், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். முதலாளி கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போகச் சொன்னார். கண்ணாடிக்காரர் போகும்போது மாமனாரின் புதுக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மாமனார் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். மூன்று டிஸ்க் பெட்டிகளையும் தனித்தனியாக ஒவ்வொரு சட்டைக்குள் வைத்துச் சுற்றி, சூட்கேஸின் நடுவில் அடுக்கி, நாலு பக்கமும் துண்டு செருகினார். லைப்ரரிக்குக் கொடுக்கிற பொருளுக்குக்கூட எவ்வளவு மரியாதை என்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்ளே, என்ன இருந்தாலும் உங்க கண்ணு மாதிரி வராது."

"கேலி பண்ணாதீங்க மாமா."

"சத்தியமாச் சொல்றேன்."

கண்ணாடிக்காரரே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை போனார். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். பெட்டியை மேலே வைக்கிறேன் என்றபோது மாமனார் விடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். பஸ் புள்ளியாகும்வரை கண்ணாடிக்காரர் அங்கேயே நின்றார். போனது மாமனார் மட்டுமா?

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வேலை பார்ப்பது அவள் வழக்கம்.

"அப்பாவை இப்பதாம்மா இவர் பஸ் ஏத்திட்டு வந்திருக்கார். பாவம், அந்தப் பூச்சிப் பட டிஸ்க் மூணையும் வேற சுமந்துக்கிட்டுப் போறார், லைப்ரரிக்குக் குடுக்கணும்னு."

மறுமுனையில் மாமியார் கலகலவென்று சிரித்தார்.

"லைப்ரரியா? நல்லாருக்குடி! ரிடையர் ஆனதுலேர்ந்து இங்க டிரங்குப் பெட்டி நிறைய அந்தப் பூச்சிதான், எட்டு இருக்கு, இந்த மூணுதான் கிடைக்கலைன்னு ஆறு மாசமா ஒரே புலம்பல். ஆனா உன் புருஷனுக்கு என்ன கண்ணுடி! மாத்தி மாத்திப் போட்டும் நாலையும் ஒண்ணு விடாம கரெக்டா சொல்லிட்டாராமே, நேத்து ஃபோன்ல உங்கப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போயிட்டார்!"