வெட்டிய துண்டு எங்கே?

காகிதத்தை ஒழித்துவிட்டதாக அறிவித்த நாளிலிருந்து, தொழிலாளர் அந்தரங்கக் குறைகேட்பு மையத்தில் எழுத்து மனு வாங்குவதில்லை. குறையை வாயால் சொல்லி, ஒலிக்கோப்பாகத் தர வேண்டும். முப்பது நொடிக்கு மேல் நீளும் குறை, விதிப்படி, குறையே அல்ல.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெபாவின் குறை இருபத்தெட்டு நொடிதான். பெண்கள் கழிப்பறையைப் பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அதனால் ஷிப்டு முழுக்க நாற்பது பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இதைச் சொல்லி முடித்தவள் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டாள்; அது மூன்று நிமிடம் ஓடியது. பக்கத்தில் இருந்த, கூட வேலை பார்க்கும் மெர்சி நடித்துக் காட்டச் சொன்னாள் என்பதற்காக, “இன்னா, இப்பத்தானே போன, மறுபடியுமா?” என்று சூப்பர்வைசர் குரலிலேயே நடித்தும் காட்டிவிட்டாள். அது அவர் காதுக்கு எட்டினால் காண்ட்ராக்ட் அத்தோடு சரி.

ஆகவே அந்த வாலை வெட்டினாள். பிரவுசருக்குள்ளேயே வெட்டித் தரும் ஓர் இணையதளத்தில். கோப்பு போனை விட்டு எங்கும் போகாது.

மைய அதிகாரி பாக்கியநாதன் மனுவைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாதியில நிக்குதே. எங்கம்மா வெட்டுன?”

“என் போன்லயே சார். ஊட்ல உக்காந்துகினு.”

“எந்த சர்வருக்குப் போச்சு?”

“எங்கயும் போவல சார். அதான் அதுல விசேஷம்.”

“வெளிய போவாம எப்பிடி வெட்டும்? முடி வெட்டுனா தரையில உழுதில்ல? வெட்டுன துண்டு எங்க?”

“துண்டுன்னு தனியா இல்ல சார். முழுசு போன்ல கீது.”

அதிகாரி தளத்தின் பெயரைக் கேட்டு, ஒழிக்கப்பட்ட காகிதத்தில் ஒன்றை எடுத்துப் பொறுப்பாகக் குறித்துக்கொண்டார்.

“ரகசியமா வெட்டுனன்னு நீ சொல்ற. ரகசியம் காப்பாத்தப்பட்டுச்சான்னு நாங்க முழுசா கேட்டாத்தானே தெரியும்?”

“மீதி சும்மா பேச்சு சார்.”

“அத கமிட்டிதான் சொல்லணும். பயப்படாத. இந்த ரூமத் தாண்டாது.”

நாற்பது பேரின் தாகத்தை நினைத்து ஜெபா முழுப் பதிவையும் கொடுத்தாள். பாவம், வேறென்ன செய்வாள்.

அந்தரங்கச் சரிபார்ப்புக் குழு உடனே கூடியது. அதிகாரி, இரண்டு கிளார்க்குகள், டிரைவர், பெண் உறுப்பினர் கட்டாயம் என்பதால் டீ கொண்டுவந்த லட்சுமியம்மாள். போனில் சத்தம் போதவில்லை என்று ஹால் ஸ்பீக்கரில் போட்டார்கள். புழுக்கமாக இருந்ததால் கதவைத் திறந்து வைத்தார்கள். சாவி விவகாரத்துக்கு ஒருவர் கொட்டாவி விட்டார். நடிப்பை மூன்று முறை கேட்டார்கள். பிறகு முடிவு பதிவாயிற்று: ‘மனுதாரரின் அந்தரங்கம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. மனு மூன்று நிமிடம் நீள்வதால் நிராகரிக்கப்படுகிறது.’

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மெர்சி போனை நீட்டினாள்.

“உன் வாய்ஸு தானே? அந்தாண்ட புதுவாயல் ஊரு வரைக்கும் ஓடிக்கினு இருக்குது.”

ஜெபா கேட்டாள். சாவி, பூட்டு, தண்ணீர் எதுவும் இல்லை. நடிப்பு மட்டும், சுத்தமாக வெட்டப்பட்டு, சரியாக முப்பது நொடி. அலுவலகம் ஒரு மனுவிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது.

“சூப்பர்வைசருக்கும் போயிருக்குமே,” என்றாள்.

“போச்சு. அவரே ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்காரு. அது பக்கத்துக் கம்பெனி சூப்பர்வைசராம், இவரு இல்லியாம்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. இன்னொரு தபா போடச் சொன்னார்கள். ஜெபாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் தொண்டை காய்ந்துபோயிற்று. மெர்சி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.